காருக்குள் எனக்கு மட்டும் கேட்ட சத்தம்

கனகராயன்குளம் தாண்டி, மாடுகள் ரோட்டை மறித்து நின்ற ஒரு காலையில்தான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கவனித்தேன். என் கணவர் வேகத்தைக் குறைத்து, மாடுகள் விலகட்டும் என்று காத்திருந்தார். முன்பக்கமிருந்து டொக், டொக், டொக் என்று வந்தது. வெறும் வாளியைத் தடியால் தட்டுவது போன்ற சத்தம்.

"இஞ்சேருங்கோ, எஞ்சினுக்குள்ள என்னவோ தட்டுது."

அவர் ரேடியோவைக் குறைத்தார். முகத்தை என் பக்கம் திருப்பி, வலது காதை முன்னால் கொடுத்துக் கேட்டார்.

"ஒண்டும் இல்லையே. பழைய டீசல் கார் எண்டா சும்மாவே கடகடக்கும்."

அவருக்கு இடது காது கேட்காது. சண்டையின் கடைசி மாதங்களில் பங்கர் குழிக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல்லோடு அது போனது. வீட்டில் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்று சொல்வேன். காரில் அதற்கு வழியில்லை. ஓட்டுகிறவர் வலப்பக்கம் இருப்பார், நான் எப்போதும் கேட்காத காதின் பக்கம்தான் இருப்பேன். அதனால் எங்கள் காருக்குள் ரேடியோதான் அதிகம் கதைக்கும்.

நாங்கள் இருப்பது ஓமந்தையில். நான் மாங்குளத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அவர் காலையில் என்னை இறக்கிவிட்டு, பகல் முழுக்க வாடகைக்கு ஹயர் ஓடுவார். பெரும்பாலும் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிற சனம். கார் நின்றுவிட்டால் எங்களுக்கு மட்டுமல்ல, கிளினிக்குக்குப் போகிற அந்தச் சனத்துக்கும் கஷ்டம்.

அடுத்த நாளும் தட்டியது. அதற்கடுத்த நாளும் தட்டியது. ஒருமுறை புளியங்குளத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அவர் ஏசி, ரேடியோ, எஞ்சின் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு, பொனற் மூடியைத் திறந்து, மறுபடி ஸ்ராட் செய்தார். சத்தம் இல்லை. நல்ல பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"ஹயருக்கு வாற ஆக்கள் ஏதும் சொல்லுறவையோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. உமக்குத்தான் கேக்குது."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னோடு பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளைகள் கணக்குச் செய்துகொண்டிருக்கும்போது மேசைக்கடியில் தட்டுவதுபோல் இருக்கும். குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் போய், "இஞ்ச என்னவும் தட்டுதோ?" என்று கேட்டேன். அவா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "வடிவா நித்திரை கொள்ளுறீங்களோ?" என்றா. சண்டை முடிந்த பிறகும் இல்லாத சத்தங்களைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு கதவு அடித்துச் சாத்தினால் நிலத்தில் படுத்துவிடுவார்கள். நான் அப்படி இருந்ததில்லை. இப்போதுதான் தொடங்குகிறதோ என்று பயம் வந்தது.

என் பிடிவாதத்துக்காக அவர் காரை மாங்குளத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அந்த மெக்கானிக் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் காரை ரயில் நிலையம் வரை ஓட்டிப் பார்த்தார். நான் பின்னால் இருந்தேன். ஒரு தட்டலும் இல்லை.

"ரீச்சர், எப்பிடிச் சத்தம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

நான் நாக்கால் செய்து காட்டினேன். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"டீசலை விசிறுற இன்ஜெக்ரரா இருக்கலாம். டீசலுக்குள்ள தண்ணி கலந்திருந்தாலும் தட்டும். கேட்டாத்தான் சொல்லலாம்."

வவுனியாவில் இன்னொருவரிடம் காட்டினோம். அவர் காரைக் கேட்கவே இல்லை. நான் செய்து காட்டிய சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, அடியில் பெயரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார். என் நாக்கு எழுப்பிய சத்தத்தை நம்பி ஒரு எஞ்சினைப் பிரிப்பதா? நான் பிழையாகச் செய்து காட்டியிருந்தால்? திரும்பி வரும்போது தட்டியது. என் கணவரிடம் சொல்லவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், எண்ணெய் மாற்றுவது பற்றிக் கேட்க அவர் அதே மாங்குளம் கராஜில் நிறுத்தினார். நான் உள்ளே இருந்ததால் எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டுவிட்டு இறங்கினார். மெக்கானிக் தகரக் கொட்டிலுக்குள் இருந்து வெளியே வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"அண்ணை, தட்டுது!"

நான் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன். "கேக்குதோ? உங்களுக்கும் கேக்குதோ?"

"ஓம் ரீச்சர். நல்லாக் கேக்குது."

கண் கலங்கிவிட்டது. கார் பழுது என்று உறுதியானதற்கு அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். மெக்கானிக் ஏசியை நிற்பாட்டிப் பார்த்தார், தட்டல் நின்றது. போட்டார், சிறிது நேரத்தில் வந்தது. அப்போதுதான் விளங்கியது. ஹயர் ஓடும்போது என் கணவர் ஏசி போடுவதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, என் சேலையில் புழுதி படாமல் இருக்கத்தான் கண்ணாடியைச் சாத்தி ஏசி போடுவார். அந்த ஏசி இரைச்சலுக்குள் அவருடைய ஒற்றைக் காதுக்குத் தட்டல் எட்டவில்லை. அவருடைய அந்தக் கரிசனைதான் என்னை இத்தனை நாளும் பைத்தியமாக்கி வைத்திருந்தது.

ஆனால் எங்கிருந்து தட்டுகிறது என்று தெரியவில்லை. மெக்கானிக் நீளமான ஸ்குறூ டிரைவர் ஒன்றின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார். மேலே வைத்தார், பக்கத்தில் வைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"எல்லா இடத்திலயும் ஒரே மாதிரிக் கேக்குது. எனக்கும் பிடிபடேல்லை."

"தாரும் பாப்பம்," என்று என் கணவர் வாங்கினார். எஞ்சினுக்கு முன்னால் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்ததால் வலப்பக்கமாகக் குனிய அவருக்கு வசதிப்படவில்லை. யோசியாமல் பிடியை இடது காதின் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். உடனே நிமிர்ந்தார். ஸ்குறூ டிரைவரைப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"என்னப்பா?" என்றேன்.

"கேக்குது."

"தட்டுறதோ?"

"இந்தக் காதால கேக்குது."

நான் அவருடைய இடப்பக்கம் நின்று, "நான் கதைக்கிறது கேக்குதோ?" என்றேன். பதில் இல்லை. வலப்பக்கம் போய்க் கேட்டேன். "இல்லை, உம்மட குரல் இந்தப் பக்கத்தாலதான் கேக்குது. ஆனா கம்பியை வைச்சாக் கேக்குது. என்னெண்டு தெரியேல்லை." அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. தெரியாத ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் விழித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன்.

பிறகு என் கணவர் வலது காதை விரலால் பொத்திக்கொண்டு மெதுவாக எஞ்சினைத் தேடத் தொடங்கினார். எங்கள் காதுகளில் ரோட்டுச் சத்தமும் எஞ்சின் இரைச்சலும் சேர்ந்து விழுந்தன. அவருக்குக் கம்பி வழியாக வந்தது மட்டும்தான் கேட்டது. "மேல குறைவு... அடியில இன்னும் குறைவு..." முன்பக்கம், பெல்ற் ஓடுகிற பெரிய கப்பிக்குப் பக்கத்தில் கம்பியை ஊன்றியதும் கையைத் தூக்கினார். "இஞ்சதான்."

எஞ்சினை நிற்பாட்டி, பெல்ற்றைக் கழற்றி, மெக்கானிக் அந்தக் கப்பியைப் பிடித்து ஆட்டினார். வெளிவளையம் தனியாக ஆடியது. நடுவில் இருந்த ரப்பர் காய்ந்து கழன்றுபோயிருந்தது. ஏசியின் பாரம் ஏறும்போதெல்லாம் வளையம் உள்ளே அடித்துத் தட்டியிருக்கிறது. எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. வவுனியாவில் பழைய சாமான் கடை ஒன்றில் அதே அளவான கப்பி கிடைத்தது. போட்ட பிறகு ஏசியோடும் ஓடிப் பார்த்தோம். தட்டவில்லை.

ஆனால் அவர் வீட்டில் அமைதியாக இருக்கவில்லை. கரண்டியின் நுனியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஊன்றிக் கேட்பார். தண்ணீர்ப் பம்பில் வைத்துக் கேட்பார். ஒருநாள் நான் சமைக்கும்போது குசினிக் கதவோடு இடப்பக்கத் தலையை ஒட்டிக்கொண்டு, "மற்றப் பக்கத்தில தட்டும்" என்றார். தட்டினேன். "கேக்குது," என்றார், கோபமாகச் சொல்வதுபோல.

நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். காது டொக்டர் ஒரு இரும்பு இசைக்கவையைத் தட்டி எலும்பில் வைத்துப் பார்த்தார். செவிப்பறைதான் கிழிந்திருக்கிறது, உள்ளே இருக்கும் நரம்புக்குப் பிழையில்லை என்றார். கிழிந்ததை ஒட்டுப்போட ஒப்பரேசன் இருக்கிறது, முழுதாக வராவிட்டாலும் ஓரளவு கேட்கலாம் என்றார்.

"இவ்வளவு காலமும் ஏன் வந்து காட்டேல்லை?"

"செத்துப்போச்சுது எண்டு நினைச்சன் டொக்டர்," என்றார் அவர்.

வெளியே வந்து காரில் ஏறினோம். செய்வோமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். போன கிழமையும் கேட்டேன், அதையேதான் சொன்னார். பயமா, இல்லை பழகிப்போனதை விட மனமில்லையா, எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.