அயர்லாந்து மேலவைக்கு நான் எழுதிய மனு

மனு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள செங்கல்பட்டில் ஆள் கிடையாது. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கடையில் நிற்க இடம் இருக்காது. பட்டா மாற்றமோ, முதியோர் உதவித்தொகையோ, குடிநீர்க் குழாயோ, எதுவானாலும் 'மதிப்பிற்குரிய ஐயா'விலிருந்து 'இப்படிக்கு' வரை பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் என் சொந்த வீட்டுக் குறைக்கு யாரிடம் மனு கொடுப்பது என்று ஒரு வருடமாக எனக்கே தெரியவில்லை.

குறை இதுதான். என் மனைவி அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையில் இருந்தாள். நானும் மகளும் திருக்கழுக்குன்றத்தில் இருந்தோம். அந்த வேலையின் சம்பளத்துக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அந்த நாட்டு விதி இடம் கொடுக்கவில்லை. வேலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் புருஷன் பிள்ளை மட்டும் கூடாது. என்ன நியாயம் இது? விதி மாறப் போகிறது என்று அங்கே ஒரு பேச்சு இருந்ததால் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மாறினால் நாங்கள் அங்கே போவது, மாறாவிட்டால் அவள் வேலையை விட்டுத் திரும்புவது என்று பேசி வைத்திருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை கூட்டம் கலைந்த பிறகு அந்த விதியைப் பற்றி நெட்டில் தேடினேன். அவர்கள் நாடாளுமன்றத்தின் இணையதளம் வந்தது. எந்த உறுப்பினர், எந்த நாளில், எதைப் பற்றி என்ன பேசினார் என்று ஒரு வரி விடாமல் போட்டிருந்தார்கள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் பிரச்சினையைப் பேசியிருந்தவர் மேலவையில் எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும் ஒரு பெண் செனட்டர். அவர் பெயரை அழுத்தினால் அவர் இதுவரை பேசியது பூராவும் வருகிறது. விடுவேனா? ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

ஆம்புலன்ஸ் தாமதமாக வருகிறது என்று ஒரு நாள் பேசியிருக்கிறார். ஒரு பாலத்துக்கு விளக்கு இல்லை என்று இன்னொரு நாள். கடல் அரிக்கிற ஊருக்குக் கல் கொட்டித் தடுப்பு போடுங்கள் என்று மூன்று தடவை. சதுரங்கப்பட்டினத்து மீனவர்களுக்காக, அதே மாதிரி கடலில் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு நானே எத்தனை மனு அடித்திருப்பேன்! அட, அங்கேயும் இதே கூத்துதானா என்று இருந்தது.

நம் மாநிலத்தில் மேலவையை எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே கலைத்துவிட்டார்கள். அவர்களும் கலைத்துவிடலாமா என்று ஜனங்களிடமே ஓட்டு வைத்துக் கேட்டார்களாம். ஜனங்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதுதான் என்னைக் குடைந்தது. கேட்டது எதுவும் கிடைக்காது என்று தெரிந்தும் ஒரு மனுஷி எழுந்து எழுந்து கேட்கிறார் என்றால், அவரிடம் நாமும் சொல்லிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

பக்கத்து டீக்கடைக்காரன் என் சிநேகிதன். அவனிடம் சொன்னதும் சிரித்துவிட்டான்.

"மச்சான், ஆளுங்கட்சிக்கு எழுதுனாலே ஒன்னும் நடக்கறதில்ல. நீ எதிர்க்கட்சிக்கு எழுதிகினு கீற. அந்தம்மா கையில இன்னா கீது?"

"வாய் கீதுடா. அது போதும்" என்றேன்.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாகப் போட்டு ஆங்கிலத்தில் அடித்தேன். கூடவே ஆதார், ரேஷன் கார்டு, திருமணச் சான்று, மகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் சேர்த்தேன். இணைப்பு இல்லாத மனுவை யார் மதிப்பார்கள்? அன்று வீடியோ காலில் மனைவி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யோவ், ரேஷன் கார்டு எதுக்குய்யா அவங்களுக்கு? அரிசி போடப் போறாங்களா?"

நான்காம் நாள் செனட்டரிடமிருந்து பதில் வந்தது. முத்திரையும் இல்லை, கடித எண்ணும் இல்லை. சான்றுகள் எதுவும் தேவையில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். பெயர் சொல்லாமல் உங்கள் கதையை அவையில் சொல்லலாமா, மகளுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டிருந்தார். தாராளமாகச் சொல்லுங்கள், மகளுக்கு ஐந்து வயது என்று எழுதினேன்.

அவர் பேசிய அன்று கடையில் நானும் டீக்கடைக்காரனும் போனில் நேரலை பார்த்தோம். இங்கே சாயங்காலம் நான்கு மணி, அங்கே காலை. ஒரே அமளியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஈ காக்கை இல்லை! செனட்டர், பதில் சொல்ல வந்த மந்திரி, அவைத் தலைவர், இன்னும் ஓரிருவர், அவ்வளவுதான். ஆரம்பத்தில் இரண்டு வரி அவர்கள் சொந்த மொழியில் பேசிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். நாலு நிமிடம் செனட்டர் எங்கள் கதையைச் சொன்னார். மந்திரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்றார். நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். தினமும் என் கடைக்கு வரும் பதில் கடிதங்களில் இருப்பதும் அதே வார்த்தைதான். இது எங்கள் வீட்டு விஷயம் என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை அவர் அதை எழுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும், ஐந்து வயது மகளைப் பிரிந்திருக்கும் அந்தத் தாய் என்றே சொன்னார். இதற்குள் என் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டது. எனக்கு யார் மேல் என்று தெரியாமல் எரிச்சல் வந்தது. அம்மணி, அவளுக்கு இப்போது ஏழு வயது என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

கடைசியில் ஒரு மசோதாவுக்கு அவர் திருத்தம் கொண்டுவந்தார், எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து வாழலாம் என்று. மனைவி லீவு போட்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் டப்ளினுக்குப் போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தாள். அவைத் தலைவர் விவாதத்தை நிறுத்தி, மாடத்தில் இருப்பவர்களை வரவேற்றார். அது அங்கே வழக்கமாம். மாடத்தைக் கேமரா காட்டவில்லை. மகள் போனில் மூக்கு ஒட்டும்படி குனிந்து, "அம்மா எங்கப்பா?" என்று தேடினாள்.

செனட்டர் எழுந்தார். முதலில் தன் பேச்சில் இருந்த ஒரு பிழையைத் திருத்த வேண்டும் என்றார். ஐந்து வயது என்று இந்த அவையில் இத்தனை நாள் சொல்லிவிட்டேன், அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது, நாம் பரிசீலித்துக்கொண்டே இருந்ததில் அவள் வளர்ந்துவிட்டாள், இதைக் குறிப்பில் ஏற்றுங்கள் என்றார். கண்ணில் நீர் கட்டி எனக்குத் திரை தெரியவில்லை.

பிறகு ஓட்டெடுப்புக்கு மணி அடித்தது. பேச்சைக் கேட்காதவர்கள் எல்லாம் எங்கிருந்தோ திபுதிபுவென்று வந்து ஓட்டுப் போட்டார்கள். திருத்தம் தோற்றது. வேண்டும் என்றவர்கள் பெயர் தனியாக, வேண்டாம் என்றவர்கள் பெயர் தனியாகப் பட்டியல் போட்டார்கள். வேண்டாம் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அதில் ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. டீக்கடைக்காரன் ஒரு டீ கொண்டுவந்து வைத்தான்.

இரண்டு மாதத்தில் மனைவி திரும்பிவிட்டாள். மகள் அவள் துப்பட்டாவை விடவே இல்லை, குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே காவல். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சில வாரம் கழித்துப் பழக்க தோஷத்தில் அந்த இணையதளத்தைத் திறந்தேன். மனைவி திரும்பிவிட்டதை நான் எழுதியிருந்தேன், அதை வைத்துச் செனட்டர் மறுபடி பேசியிருந்தார். அந்தத் தாய் ஊருக்குப் போய்விட்டார், மகளுக்கு அம்மா கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஆனால் அவர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது, அந்த முதியவர்கள் பக்கத்தில் இப்போது யார் உட்காருவது என்று மந்திரியைக் கேட்டிருந்தார். அது பரிசீலனையில் இருக்கிறதாம். மனைவி சந்தோஷப்படுவாள் என்று தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கை நின்றது.

"கடைசி ரூம்ல ஒரு கெழவி கீது. ஒரு வாய் கஞ்சின்னாலும் நான் ஊட்டுனாத்தான் முழுங்கும். வேற யாரு ஊட்டுனாலும் துப்பிடும். ஊருக்குப் போறேன்னு சொன்னா அழும்னு, சொல்லாமயே வந்துட்டேன்யா."

கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். ஓட்டில் தோற்ற அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. மூன்று வருடம் தினமும் பேசியிருக்கிறோம். விதி மாறுமா, குளிர் எப்படி, சாப்பிட்டாயா என்று கேட்டேன். நாள் முழுக்க அவள் யாருக்கு ஊட்டினாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"அந்தக் கெழவி பேரு இன்னாம்மே?" என்று கேட்டேன்.