பூசையில் வைத்த கம்ப்யூட்டர் புத்தகங்கள்

என் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகள் இருக்கின்றன. எல்லாம் இங்கிலீஷ். நான் எட்டாவதோடு நின்றவள், ஒரு வரி படிக்கத் தெரியாது. ஆனால் அட்டையைக் காட்டினால் போதும், உள்ளே என்னென்ன படம் என்று சொல்லிவிடுவேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னும் பெட்டி, நடுவில் ஓட்டை போட்ட சதுரத் தட்டு, பத்து இருபது முப்பது என்று எண் போட்டு இறங்கும் வரிகள். எல்லாம் என் சித்தப்பா சேர்த்தவை.

சித்தப்பா பன்னிரண்டாவது முடித்துவிட்டு அப்பாவோடு மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிக்குப் பஸ் ஏறி, பழைய பேப்பர் கடையில் கிளறி, ஒன்றிரண்டு எடுத்து வருவார். அட்டை கிழிந்ததோ டீக்கறை பட்டதோ, எதுவானாலும் சரி. அவற்றில் அச்சாகும் சில புரோகிராம்கள் ‘மீதி அடுத்த மாதம்’ என்று பாதியில் நின்றுவிடும். அந்த அடுத்த மாதம் கடைக்கு வரவே வராது. மீதியை அவரே யோசித்துப் பென்சிலால் எழுதி வைப்பார். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. காலண்டர் அட்டையில் எழுத்துக் கட்டம் வரைந்து அதன்மேல் தட்டுவார்.

“பொட்டியே இல்லாம பொட்டி ஓட்டுறான்” என்று அப்பா சிரிப்பார். அம்மாவுக்கு அது வீட்டை அடைக்கிற குப்பை. அது குப்பையில்லை, படிப்பு என்று சித்தப்பா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருஷம் பாண்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் அவரை விஜயதசமியன்று காலையில் வரச் சொல்லியிருந்தார். மிஷின் முன்னால் உட்காரவைத்து ஒரு புரோகிராம் போடச் சொல்வாராம். சரியாக வந்தால் அங்கேயே வேலை. வீட்டில் சந்தோஷம்தான், ஆனால் அப்பாவுக்குக் காலில் ஆறாத உப்புப்புண். இவனும் போய்விட்டால் தனியாளாக என்ன செய்வீர்கள் என்று அம்மா மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்திருந்தது.

உப்பளத்தில் ஆயுதபூசைக்கு வேலை கிடையாது. அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிவிடப் போவதாகச் சித்தப்பா முந்தின நாளே எங்களிடம் சொல்லியிருந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அதன்மேல் அவருடைய பத்திரிகைகள், உச்சியில் காலண்டர் அட்டை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பக்கத்தில் உப்பு வாரும் பலகையும் மண்வெட்டியும் கூடைகளும். பூசையில் வைத்துவிட்டால் மறுநாள் காலையில் படைத்து எடுக்கும்வரை யாரும் தொடமாட்டோம். ஒரு எழுத்துப் படிப்பதும் தப்பு.

“அண்ணி, இத ஏன் வச்சீங்க?”

“நீதானேப்பா சொன்ன, படிப்புன்னு. படிப்புன்னா பூசையில வைக்க வேணாமா?”

படிப்பு இல்லை என்று சொல்லச் சித்தப்பாவுக்கு நாக்கு வராது. படிப்புதான் என்றால் தொட முடியாது. எனக்கோ பெருமை. குப்பை என்று திட்டிய அம்மாவே சாமிகிட்டே இடம் கொடுத்துவிட்டாளே!

அவர் அந்த அடுக்குக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு அசைந்துகொண்டிருந்தது. விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு இடம் வந்ததும் விரல் நிற்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அம்மா வைத்த சுண்டல் அப்படியே காய்ந்தது.

சாயங்காலம் கடல் பக்கம் கறுத்தது. அந்தப் பருவத்தின் கடைசி உப்பு வரப்புமேல் மூடாமல் கிடந்தது. காலையில் வானம் தெளிவாக இருந்ததை நம்பி, பூசை முடியட்டும் என்று விட்டிருந்தார்கள். அது கரைந்தால் மழைக்காலம் முழுக்க அடுப்பு எரியாது. அப்பா வானத்தைப் பார்த்தார், பூசையைப் பார்த்தார், அசையவில்லை. அம்மாதான் கன்னத்தில் போட்டுக்கொண்டு மண்வெட்டியையும் கூடைகளையும் எடுத்து நீட்டினாள்.

“சோறு போடறது இது. அம்பாள் கோவிச்சுக்க மாட்டா. போங்க.”

சித்தப்பா எழுந்து நின்றார். தன் பத்திரிகைகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிமிஷம் அவர் கையை நீட்டியிருந்தால் யார் தடுத்திருக்க முடியும்? வாசலில் இறங்கிய அப்பா, கூப்பிடவும் முடியாமல் போகவும் முடியாமல் நொண்டிக்கொண்டு நின்றார். சித்தப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி ஓடினார்.

விளக்கு வைத்த பிறகுதான் இரண்டு பேரும் நனைந்து வந்தார்கள். முக்கால்வாசி உப்பை மேட்டுக்கு ஏற்றிக் கீற்று போட்டு மூடியாகிவிட்டது. சித்தப்பாவின் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தன. அம்மா மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். சுற்றி முடித்து எழுந்து, நேராகப் போய்ப் பூசையிலிருந்து பத்திரிகைகளை எடுத்துவந்தாள்.

“எந்தப் பக்கம்னு சொல்லு.”

“ரத்தம் பட்டுடும் அண்ணி.”

“நான் பிடிக்கறேன். நீ படி.”

விளக்குப் பக்கத்தில் பிரித்துப் பிடித்தாள். “தலைகீழா இருக்குது அண்ணி” என்றார் சித்தப்பா. அம்மா திருப்பிப் பிடித்தாள். அவர் தலையசைக்க அசைக்கப் பக்கத்தைத் திருப்பினாள். அவர் போதும் என்கிறவரை இறக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் போனதும், அந்த விரல்களாலேயே தட்டி வேலை வாங்கியதும் எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

தெரியாதது இது. சித்தப்பா சாப்பிட உட்கார்ந்த பிறகு, அம்மா படத்துக்கு முன்னால் போய் அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், மண்வெட்டி எடுத்ததுக்கெல்லாம் சாமி கோவிச்சுக்காதுன்னு நீதானே சொன்ன என்று கேட்டேன்.

“அதுக்கு இல்லடி.”

“அப்ப புஸ்தகத்த எடுத்ததுக்கா?”

“எடுத்ததுக்கு இல்ல” என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எடுத்ததற்கு இல்லையென்றால் வேறு எதற்கு? சாமிக்கு முன்னால் ஒன்றை வைப்பதிலும் குற்றம் இருக்க முடியும் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. அம்மாவுக்காக நானும் கும்பிட்டுக்கொண்டேன், மண்வெட்டியை மன்னித்துவிடு தாயே என்று.