மாமா பிடித்த கொடி

எங்கள் அப்பாவுக்கு நடுவர் என்றாலே ஆகாது. தி. நகரில் ஜவுளிக்கடை. இருபது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களிடம்கூட முகம் சுளிக்காதவர், டிவியில் கால்பந்து ஓடினால் மட்டும் சாமி வந்தவர் போல ஆகிவிடுவார். "பந்து ஆட ஆள் இருக்கு, விசில் ஊதத்தான் ஒருத்தனும் இல்ல" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மைத்துனர் ஒரு லைன்ஸ்மேன். அம்மாவின் தம்பி, சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். ஞாயிறுதோறும் நந்தனம் மைதானத்தில் கொடி பிடித்தவரை, பல பரீட்சைக்குப் பிறகு, பெரிய லீக்கில் ஒரே ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் தேறினால் சீசன் முழுக்க வாய்ப்பு.

முதல் நாளே அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தோசைக் கரண்டியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஹாலில் பக்கவாட்டில் ஓடிப் பழகினார். எனக்கு ஒன்பது வயது. நான்தான் ஃபார்வர்டு.

"பாஸ் அடிக்கிற அந்த நொடியில யார் எங்க நிக்கிறாங்கன்னு பாக்கணும்டி. அப்புறம் பாத்துப் பிரயோஜனமில்ல" என்றார்.

ராத்திரி என் பக்கத்தில் படுத்து அப்படியொரு குறட்டை விட்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் அம்மாவும் நானும் மைதானத்தில் எல்லைக்கோட்டை ஒட்டிய முதல் வரிசையில் உட்கார்ந்தோம். மாமா எங்கள் எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர், "இன்னா லைன்ஸ்மேன், கண்ணு கீதா இல்லியா?" என்று ஆரம்பம் முதலே கத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவுக்கும் ஆள் இருக்கிறது என்று தெரியட்டுமே என்று தொண்டை கிழிய, "மாமா!" என்று கூப்பிட்டேன். திரும்பினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குள் மாமாவின் முதுகுக்குப் பின்னால் பாஸ் கிளம்பிவிட்டிருந்தது. எங்கள் ஊர் ஆள் ஓடிப்போய் கோல் அடித்தார். மைதானமே எழுந்தது. மாமாவின் கொடியும் எழுந்தது. ஆஃப்சைடு, கோல் செல்லாது. நாங்கள் தோற்றோம். பின்வரிசைக்காரர் போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். பாஸ் அடித்தபோது எங்கள் ஆள் சரியான இடத்தில்தான் நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், டிவியில் ஆட்டம் பார்த்திருந்த அப்பா கேட்டார். "வாழ்க்கையில ஒரே ஒரு மேட்ச்சு. எங்க பாத்துக்கிட்டிருந்தே?"

மாமா தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "நேத்து சரியா தூக்கமில்ல அத்தான். கண்ணு அசந்துடுச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பொய்! ராத்திரி பூரா குறட்டை விட்டாரு. நான்தான் தூங்கல!" என்றேன்.

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. "தப்பும் பண்ணிட்டுப் பொய் வேற. எல்லா ரெஃப்ரியும் ஒரே ரகம்தான்" என்றார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மாமா மைதானத்தில் சிரித்த அதே சிரிப்பை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பெரிய லீக்கில் அப்புறம் அவரைக் கூப்பிடவே இல்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தனத்தில்தான் ஓடுகிறார்.

நன்றாகத் தூங்கியவர் ஏன் தூங்கவில்லை என்கிறார் என்று பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். ஆனால் ஆட்டத்துக்கு மறுநாளே வகுப்பில் போய்ப் பெருமையடிக்க மறக்கவில்லை. அவ்வளவு கூட்டத்திலும், நான் ஒரே ஒரு தடவை கூப்பிட்டதும் மாமா திரும்பிப் பார்த்தார் என்று.