ஒற்றைக்காலில் நின்ற சீனத்துப் பிள்ளைகள்

கப்பலில் சமையல் வேலை பார்த்த அம்மாவின் தம்பி, எண்பதுகளின் கடைசியில் லீவுக்கு வந்தபோது ஹாங்காங்கில் வாங்கிய ஓவியப் புத்தகம் ஒன்றை எனக்கும் அக்காவுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் படமெல்லாம் விளையாடும் பிள்ளைகள். பம்பரம், பட்டம், கண்ணாமூச்சி என்று பார்த்ததுமே சொல்லிவிட்டோம். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. மண் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். மற்றக் காலை முன்னால் மடக்கி, பாதத்தைக் கையால் பிடித்திருந்தார்கள்.

"கால்ல முள்ளு குத்தியிருக்கும்" என்றாள் அம்மா.

"எல்லாருக்குமாம்மா?"

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ஏட்டு. டூட்டி முடிந்து வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரு தண்டனை குடுத்திருக்காரு" என்றார்.

"அப்ப ஏம்ப்பா சிரிக்காங்க?"

அப்பா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

செய்து பார்த்துவிடலாம் என்று நானும் அக்காவும் பின்வாசலில் இறங்கினோம். காலைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை; நொண்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதில் என் முழங்கால் அக்காவின் முழங்காலில் மோத, அவள் காலை ஊன்றிவிட்டாள்.

"நீ அவுட்டு!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அது என்ன விளையாட்டு என்பதே எனக்குப் புரிந்தது.

அப்பா நம்பவில்லை. "செத்த தள்ளுங்கட்டி" என்று காக்கி பேண்டோடு இறங்கி ஒரு காலைப் பிடித்தார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே வந்தாள். மூன்றாவது மோதலில் அப்பா தடுமாறிச் சுவரைப் பிடித்தார்.

"சுவத்தப் பிடிச்சா அவுட்டு" என்றாள் அம்மா, மூச்சு வாங்க.

"அப்படி ரூலு இருக்குன்னு ஒனக்கு யாருட்டி சொன்னா?"

"நான்தான்."

பிறகு புத்தகத்தைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில் வரைந்தவரின் புகைப்படம் இருந்தது. நரைத்த தலை, தடித்த கண்ணாடி. இந்தப் பிள்ளைகளில் இவர் யார் என்று அக்கா கேட்டாள். அப்பா திருடனை அடையாளம் பார்ப்பதுபோல ஒவ்வொரு முகமாக ஒப்பிட்டு, நடுவில் நின்ற நெட்டையனைக் காட்டினார். அம்மா இல்லை என்றாள். தெரு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன்மேல் விரலை வைத்தாள். அதுவரை நாங்கள் அவனைக் கவனிக்கவே இல்லை.

"இவந்தான். அவுட்டாகி உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டு இருக்கான்ல."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தட்டு போட்டு உட்கார்ந்த பிறகும் இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.