தங்கச்சி வீட்டுக்கு மாதாவைத் தூக்கிட்டுப் போன சாயங்காலம்

எனக்கு இருந்த வியாதியை டாக்டர்கிட்ட காட்ட முடியாது. கோயிலில் சாமியார்கிட்டச் செய்யுற பாவசங்கீர்த்தனத்தில்கூட வேற பேர் வைச்சுத்தான் சொல்லிட்டு இருந்தேன். கோபம் வருது சாமி, அலுப்பா இருக்கு சாமின்னு. அது கோபம் இல்லை. பொறாமை. அதுவும் கூடப் பிறந்த தங்கச்சி மேல.

என் பேர் ஸ்டெல்லா. ராயபுரத்தில் ஒத்தை ரூம் வாடகை வீடு. வீட்டுக்காரர் ஹார்பரில் காண்ட்ராக்ட் ஆள், கப்பலில் கண்டெய்னரை இறுக்கிக் கட்டுற வேலை. நான் காசிமேட்டு ஷெட்டில் எறா உரிக்கிறேன். ஐஸ் தண்ணியிலேயே ஊறி விரல் நுனியெல்லாம் புண்ணாகிப் போயிருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தோசைக்கரண்டியைப் பிடிக்கக்கூட வலிக்கும். இருபது வருஷமா இதே வேலை. சலிச்சுப் போச்சு, வேற என்ன சொல்ல.

அதே தெருவில் ஏழாவது வீடு என் தங்கச்சி பிலோமினாவோடது. ரெண்டு மாடி, மேலே ஏசி, வாசலில் கிரானைட் படி. அவ வீட்டுக்காரர் சேவியரும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணாத்தான் ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்தாங்க. சேர்ந்து ஒரு பழைய ட்ரெய்லர் வாங்கி எண்ணூருக்குக் கண்டெய்னர் லோடு அடிக்கலாம்னு சேவியர் கூப்பிட்டார். வேணாம்னு தடுத்தது நான்தான். இன்னைக்கு அவர்கிட்ட நாலு வண்டி. அதுதான் எனக்குத் தாங்கலை. யாரோ கெடுத்திருந்தா அவங்களைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

பிலோமி நல்லவ. அதையும் சொல்லணும். புது ஃபிரிட்ஜ் வாங்கினப்போ பழசை எனக்குக் கொடுத்தா. கிறிஸ்துமஸுக்கு என் பொண்ணுக்கும் சேர்த்துத்தான் துணி எடுப்பா. அவ கொடுத்தா திமிருன்னு நினைப்பேன், கொடுக்கலைன்னா கஞ்சத்தனம்னு நினைப்பேன். அவளும் என்னதான் செய்வா.

இதில் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். அக்டோபர் ஜெபமாலை மாசம் இல்லையா, எங்க அன்பியத்தில், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவில், மாதா சுரூபம் ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டம்மாவே சுரூபத்தைத் தூக்கிட்டுப் போய் அடுத்த வீட்டம்மா கையில் கொடுக்கணும். எல்லாரும் மெழுகுவர்த்தியோட கூடப் போவோம். எந்த நாள் எந்த வீடுன்னு பட்டியல் எழுதுற பொறுப்பு என்னோடது. வீடு முப்பத்தெட்டு, நாள் முப்பத்தொண்ணு. ஏழு வீடு மறு வருஷத்துக்குத் தள்ளிப் போகும். பிலோமி புது வீடு கட்டின வருஷம் அந்த ஏழில் அவ வீட்டையும் தள்ளினேன். மறு வருஷமும் தள்ளினேன். ஏன்க்கான்னு கேட்டா. "ஃபாதர் போட்ட வரிசைமா, நான் இன்னா பண்றது"ன்னு பொய் சொன்னேன். அவ வீட்டில் எல்லாம் இருக்கு, மாதா மட்டும் வராம இருக்கட்டும்னு ஒரு எண்ணம். மாதாவைக் கையில் வைச்சுக்கிட்டே இப்படி நினைச்சேன்.

போன வருஷம் ஆகஸ்டு மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஷெட்டில் இருந்தப்போ வீட்டுக்காரர் போன் பண்ணார்.

"இன்னாமே, சேவியர் ட்ரெய்லரு மணலி ரோட்ல கவுந்துக்கிச்சாம். அவன்தான் ஓட்டிகினு போனானாம்."

அந்த நேரம் என் மனசு குளிர்ந்தது. ஒரு நொடிதான். ஆள் உயிரோட இருக்காரா இல்லையான்னே தெரியாது, அதுக்குள்ள என் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. அப்புறம்தான் ஐயோன்னு கத்தினேன். பக்கத்தில் இருந்தவங்க என் கத்தலை நம்பினாங்க. நான் நம்பலை.

ஆளுக்குக் கை எலும்பு மட்டும்தான் முறிஞ்சிருந்தது. ஆஸ்பத்திரியில் பிலோமி ஓடி வந்து என் தோளைக் கட்டிக்கிட்டு அழுதா. "நீ வந்துட்ட இல்லக்கா, போதும்" என்றா. நான் கல்லு மாதிரி நின்னேன். அவ தலையைத் தடவக்கூடக் கை எழலை.

மறுநாள் காலைப் பூசைக்கு முன்னாடியே கோயிலுக்குப் போய் மாதா பீடத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். அதுவரைக்கும் என் ஜெபமெல்லாம் எனக்கும் கொடு, எனக்கும் கொடுன்னுதான் இருக்கும். அன்னைக்கு அதைக் கேட்க வெட்கமா இருந்தது. "அம்மா, எனக்கு வீடு வேணாம். வண்டி வேணாம். இந்தக் குணத்தை மட்டும் எடுத்துடு. என்னால இதைச் சுமக்க முடியலை"ன்னு அழுதேன். அடி வயித்திலிருந்து அழுதேன்.

அப்பவே மாறிட்டேன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். மாறலை. செப்டம்பரில் சேவியருக்குப் புது ட்ரெய்லர் வந்து தெருமுனையில் மாலையோட நின்னது. எனக்கு மறுபடி வயிறு எரிஞ்சது. தினமும் அதே ஜெபம், தினமும் அதே எரிச்சல். மாதாவுக்குக் காது கேக்கலையோன்னு நினைச்சேன். அக்டோபர் பட்டியல் எழுத உட்கார்ந்தப்போ, இவ்வளவு அழுத பிறகும், பிலோமி வீட்டை மூணாவது தடவையா விட்டேன். என்னை நினைச்சா எனக்கே வெறுத்துப் போச்சு.

பதினேழாம் நாள் சுரூபம் என் வீட்டில் இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு அடுத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம். அந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கு. சின்னப் பொண்ணுக்கு அம்மை போட்டிருக்காம். "உள்ள வராதீங்க" என்று அந்தம்மா ஜன்னல் வழியா கையெடுத்துக் கும்பிட்டாங்க. நடுத்தெருவில் இருபது பேர் மெழுகுவர்த்தியோட நிக்கிறோம். கிளம்பின சுரூபத்தைத் திருப்பி அதே வீட்டுக்குக் கொண்டு போற வழக்கம் எங்ககிட்ட இல்லை. மத்த வீடுகளில் பாதிப் பேர் ஷிப்டிலிருந்து வரலை.

கூட வந்த மேரியக்கா பின்னாலிருந்து சத்தம் போட்டாங்க. "இன்னாத்துக்கு முழிச்சிகினு கீற ஸ்டெல்லா? உன் தங்கச்சி வூடு தொறந்துதான கீது, அங்க எட்தும் போ!"

ஜெபமாலை சொல்லிக்கிட்டே எல்லாரும் நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. சுரூபம் அன்னைக்கு அவ்வளவு கனம்.

பிலோமி சத்தம் கேட்டு வெளியே வந்தா. ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டு முக்காடு போட்டு ரெண்டு கையையும் நீட்டினா. உள்ளே பார்த்தா, ஹாலில் ஒரு மேஜை. வெள்ளைத் துணி, ரெண்டு மெழுகுவர்த்தி, அன்னைக்குக் கட்டின மல்லிப்பூ. எல்லாம் தயாரா இருக்கு.

"யாரும் சொல்லலியே, எப்படிடீ?" என்றேன்.

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து தெனம் விரிச்சிகினுதான்க்கா கீறேன். மூணு வருசமா. ஃபாதரு பட்டியல் போடறதில்லன்னு எனக்குத் தெரியும். என்னிக்காச்சும் நீ எட்தும் வருவன்னு இருந்தேன்."

வழக்கப்படி, கொண்டு வந்தவங்கதான் அந்த வீட்டுக்காக மன்றாட்டு சொல்லணும். ரெண்டு தடவை ஆரம்பிச்சு நின்னுட்டேன். அப்புறம், "இந்த வீடு நல்லா இருக்கணும். சேவியர் ஓட்டுற வண்டிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது"ன்னு சொன்னேன். அதைச் சொல்லி முடிச்சப்போதான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வரவேண்டிய அழுகை.

எல்லாரும் சுண்டல் வாங்கிக்கிட்டுப் போன பிறகு சமையல்கட்டில் அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். வண்டி கவிழ்ந்தப்போ ஒரு நொடி சந்தோஷப்பட்டதையும் சொன்னேன். பட்டியல் விஷயத்தை மன்னிச்சவ, இதைக் கேட்டு முகம் வெளுத்துட்டா. "நீ போக்கா" என்றா. அவ்வளவுதான்.

நாலு நாள் பேசலை. நான் போய்க் கெஞ்சலை. அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஜெபம் மட்டும் பண்ணேன், இந்தத் தடவை அவ பேரைச் சொல்லி. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் பிரசங்கம் நடந்துட்டு இருந்தப்போ என் தோளை யாரோ இடிச்சாங்க.

"தள்ளிக் குந்துக்கா" என்றா பிலோமி.

தள்ளி உட்கார்ந்தேன். வாழ்நாளில் எனக்கு அதைவிடப் பெரிசா எதுவும் கிடைச்சதில்லை. மாதாவுக்கும் அவங்க திருமகனுக்கும் கோடி நன்றி.

தங்களுக்கு நடந்ததைச் சாட்சியாச் சொல்றப்போ சிலர் சொல்வாங்க, வசதியானவங்க வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தா அங்கேயும் கண்ணீர்தான், என் மனசு ஆறிடுச்சுன்னு. இங்கே அப்படி ஒண்ணும் இல்லை. என் தங்கச்சி சந்தோஷமாத்தான் இருக்கா. நான் இன்னும் எறாதான் உரிக்கிறேன், விரல் இன்னும் வலிக்குது. எரிச்சல் இப்பவும் சில நாள் வரும். வந்ததும் அவ பேரைச் சொல்லி, பிள்ளைங்க பேரைச் சொல்லி, வண்டி நாலையும் சொல்லி வேண்டிப்பேன். எரிச்சலுக்கு அங்கே உட்கார இடம் இருக்காது, எழுந்து போயிடும்.

உங்களுக்கும் ஒருத்தர் இருப்பாங்க. அண்ணனோ, சிநேகிதியோ, ஓரகத்தியோ. அவங்க பேரைச் சொல்லி வேண்டிக்கோங்க. முதல் நாள் வாய் மட்டும்தான் சொல்லும், மனசு முறைச்சுக்கிட்டு நிக்கும். பரவாயில்லை, சொல்லுங்க. எனக்கும் வாய்தான் முதலில் போச்சு. மனசு பின்னாடி மெதுவா, கால் வலிக்க வலிக்க, வந்து சேர்ந்தது.