பத்தரைக்குள் பன்னிரண்டு தீர்மானங்கள்

கெங்கம்மாள் பேனாவை வாங்கிவிட்டாள்; கையெழுத்துப் போடத்தான் விரல் ஓடவில்லை. மண்டப வாசலில் மேசை போட்டு, கட்சியின் மாநிலப் பொதுக்குழு உறுப்பினர்களுக்கான வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். பின்னால் வரிசை நெருக்கியது.

"இன்னாக்கா, கல்யாண ரிஜிஸ்டரா இது, இப்டி யோசிக்கிறே? போட்டுட்டு உள்ள போ," என்றான் மாவட்டச் செயலாளர் டில்லிபாபு.

"தீர்மானக் காகிதத்தைக் குடு. படிச்சிட்டுப் போடறேன்."

"மேடையில படிப்பாங்க, கேட்டுக்கோ."

"ஏழாவதுல எங்க ஏரிக்கரை வருதாமே?"

டில்லிபாபு அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ வணக்கம் வைத்தான்.

திருநின்றவூர் ஏரிக்கரையில் நூற்று நாற்பது வீடுகள். அதில் ஒன்று கெங்கம்மாளுடையது. ஏரியைக் காக்க வேண்டாம் என்று அந்தத் தெருவில் யாரும் சொல்லவில்லை. ஆனால் எதிர்க்கரையில் லாரி லாரியாக மண் கொட்டி மனை போட்டவர்களை விட்டுவிட்டு, இந்த நூற்று நாற்பதை மட்டும் உடனே அகற்றும்படி கட்சி அரசைக் கேட்கப்போகிறதாம். அந்தச் செய்தி முந்தின நாள்தான் அவள் காதுக்கு வந்தது. கட்சியிலிருந்து ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நட்டும் போல்ட்டும் பெட்டியில் அடுக்குகிற வேலை அவளுக்கு. கட்சிக்கு இருபத்தாறு வருட உழைப்பு. வெயிலில் கொடி பிடித்தவள். தேர்தலுக்குத் தேர்தல் பூத்தில் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்தவள். 'புறநகருக்கும் பிரதிநிதித்துவம்' என்று சொல்லி இரண்டு வருடத்துக்கு முன் பொதுக்குழுவில் சேர்த்தார்கள். தெருவே பட்டாசு வெடித்தது.

போன கூட்டத்தில் நல்ல பிள்ளையாகக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள், அவள் காதில் விழாத தீர்மானம் ஒன்றை 'அனைவரும் கையொப்பமிட்டு ஏற்றனர்' என்று பத்திரிகையில் படித்தாள். வந்ததற்குப் போட்ட கையெழுத்து சம்மதமாகிவிட்டது! கைநாட்டு வாங்கி நிலத்தைப் பிடுங்கிய காலம் மலையேறிவிட்டது என்று நம்புகிறவர்கள் இந்தப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

கையெழுத்தில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே போகாமல் பேச முடியாது. போட்டாள்.

முன்னால் பத்து வரிசை நகரத்து ஆட்களுக்கு. கெங்கம்மாளுக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் தாயம்மாள். ராமநாதபுரத்திலிருந்து விடிய விடிய பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் அவள் கால் வீங்கியிருந்தது.

"நம்மளயெல்லாம் பேச விடுவாகளாத்தா?" என்று கேட்டாள் தாயம்மாள்.

"ஏழாவது வரட்டும். எழுந்துக்கப் போறேன்." சொல்லிவிட்டுக் கெங்கம்மாள் பேச வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

மூன்று தீர்மானங்களை நிறுத்தி நிதானமாகப் படித்தார்கள். மணி பத்து இருபது. ஒருவர் மேடைக்கு ஓடிப் பொதுச்செயலாளரின் காதைக் கடித்தார். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். தலைக்கு மேலே தொங்கிய பேனரில் 'அறிவே ஆயுதம்' என்று ஆறடி எழுத்தில் எழுதியிருந்தது.

"நேரமின்மை காரணமாக நான்கு முதல் பன்னிரண்டு வரையுள்ள தீர்மானங்களை ஒன்றாக ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்," என்றார் பொதுச்செயலாளர்.

மண்டபமே கைதட்டியது.

"ஐயா, ஏழாவது! ஏழாவதைப் படிங்க!" எழுந்து நின்று கத்தினாள் கெங்கம்மாள். தாயம்மாளும் கூட எழுந்தாள். கைதட்டலில் இரண்டு பேர் குரலும் அமுங்கிப்போயின.

டில்லிபாபு ஓடி வந்து தோளை அழுத்தினான். "குந்துக்கா. பிரியாணி ரெடியா கீது, துன்னுட்டு ஊடு போய்ச் சேரு."

அவன் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் கிருஷ்ணப்பிரியா என்ற நிருபர் உட்கார்ந்து அச்சடித்த அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். ஏழாவது: 'திருநின்றவூர் ஏரிக்கரையின் நூற்று நாற்பது ஆக்கிரமிப்புகள்'. அடியில்: 'அனைத்தும் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன'.

"இத எப்பம்மா குடுத்தாங்க?"

"காலைல ஒன்பது மணிக்கே குடுத்துட்டாங்க."

கெங்கம்மாள் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள். "ஏகமனசுன்னு போட்டுக்கீது. நான் ஒத்துக்கலியே?"

நிருபர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் செல்லை நீட்டினாள். "பேரும் ஊரும் சொல்லுங்கம்மா. பதிவு பண்ணிக்கிறேன்."

அதற்குள் டில்லிபாபு வந்துவிட்டான். "யக்கா, வாணாம். பேரச் சொன்னீன்னா, நாளைக்கு நீ கட்சியில கீறியா இல்லியான்னு எனக்கே தெரியாது. உங்க தெருவுக்குத் தண்ணி லாரி அனுப்பறது யாருன்னு யோசிச்சுக்கோ."

யோசித்தாள். தண்ணீர் லாரி, ரேஷன் கார்டு, இருபத்தாறு வருடம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தெருவில் என்ன சொல்வது? அவர்கள் தன்னை நம்புவார்களா? தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"கெங்கம்மாள். திருநின்றவூர் ஏரிக்கரை," என்றாள். "கையெழுத்து போட்டது வந்ததுக்கு. ஏழாவதுக்கு இல்ல."

குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்தது.

"சரியா பதிவாச்சா பாரும்மா. இன்னொரு தபா சொல்றேன்."