காட்டேரியும் காடி வாசனையும்

ஒரு பெண்ணைப் பேயாக்கியவன் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதைத் தாண்டியவனுக்கு நீண்ட முன்னுரை அழகல்ல.

போன மாதம் ஒரு சாயங்காலம், கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஜார்ஜ் டவுனில் எங்கள் பழைய சந்து வழியாக நடந்து வந்தேன். கண்ணில் ஊற்றிய மருந்து இன்னும் தெளியவில்லை. சுவர்களெல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல அசைந்தன. நான் பிறந்த வீட்டுக்கு எதிரே ஏழெட்டு வெளிநாட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். மடக்கிய குடையை உயர்த்திப் பிடித்தபடி ஒரு தமிழ்ப்பெண் அவர்களுக்கு ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றுலாப் பயணிகளைப் பேய் இருந்த இடங்களுக்கு நடத்திக்கொண்டு போவது இப்போது பினாங்கில் ஒரு தொழில். பெண் நன்றாகவே சொன்னாள். இந்தச் சந்தில் ஓர் இந்தியப் பெண் இருந்தாளாம். பகலில் சாதாரண மனுஷி. பொழுது சாய்ந்தால் தலை மட்டும் குடலோடு கழன்று பிள்ளை பெற்ற வீடுகளைத் தேடிப் பறக்குமாம். திரும்பி வந்ததும் வீங்கிய குடலைக் காடியில் ஊறவைத்துச் சுருக்கி உடம்புக்குள் நுழைந்துகொள்வாளாம். அவள் பெயர் யாருக்கும் தெரியாதாம். காடிக்காரி என்றுதான் சொல்வார்களாம்.

கூட்டத்தில் இருந்த தாய்லாந்துக்காரி எங்கள் ஊரிலும் இவள் இருக்கிறாள் என்றாள். பிலிப்பீன்ஸ்காரர் ஒருவர், எங்கள் ஊரில் இடுப்போடு கழன்று போவாள், இறக்கையும் உண்டு என்றார். தூரத்துச் சொந்தம் கிடைத்ததுபோல எல்லாரும் சிரித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து மூடியைத் திறந்து ஒவ்வொருவர் மூக்கருகிலும் காட்டினாள்.

காடி. வினிகர்தான், நாங்கள் மலாய்ச் சொல்லைச் சேர்த்துக்கொண்டு ‘சுக்கா’ என்போம். அந்த வாசனை பட்டதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பவளக்கா வீட்டின் வாசனை அது. எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி ஒற்றை அறையில் இருந்தார். புருஷன் கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாதவன். அறையின் பாதியைக் கண்ணாடி ஜாடிகள் அடைத்திருக்கும். வெள்ளரி, காரட், பயற்றங்காய், அன்னாசி எல்லாம் நறுக்கிக் காடியில் போட்டு, வறுத்த கடலையும் எள்ளும் தூவி அச்சார் செய்வார். சீனர் கல்யாணம், மலாய்க்காரர் விருந்து, நம் வீட்டு விசேஷம், எதுவானாலும் அவர் ஜாடி அங்கே இருக்கும். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். ஆள் நல்ல உயரம். கழுத்தும் நீளம். இந்த வரியை எழுதும்போதே கை தயங்குகிறது, பாருங்கள்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது. சந்தில் எந்தத் தமிழ் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தித் தண்ணீர் ஊற்ற பவளக்காதான். முப்பதாம் நாள் காட்டேரிக்குப் படையல் போடுவதும் அவரே. காட்டேரி என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ, எங்கள் வீடுகளில் இரண்டு நினைப்பும் உண்டு. பயமுறுத்தக் காட்டேரி, பிள்ளையைக் காப்பாற்றவும் காட்டேரி அம்மன். கருவாடு, அவித்த முட்டை, ஒரு குவளை கள் எல்லாம் தட்டில் வைத்து வாசலில் நின்று, வெளியூரிலிருந்து வந்த அத்தையைக் கூப்பிடுவதுபோல உரக்கக் கூப்பிடுவார்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. புதிதாக வாத்தியார் ஆகியிருந்தேன். சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொள்வேன், ஒன்றில் மை இருக்காது. நூலகத்தில் பல நாட்டுப் பழங்கதைகளைத் தேடித் தேடிப் படித்துவிட்டு, மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்காரர் நடத்தும் தேத்தண்ணிக் கடையில், உட்கார்ந்து அளப்பேன். ஜப்பானில் தூங்கும்போது கழுத்து நீளும் பெண்கள், கிரேக்க நாட்டில் பிள்ளை தின்னும் பாம்பு ராணி, ஐரோப்பாவில் சவப்பெட்டிக்குள் சிவந்த உதட்டோடு கிடப்பவர்கள். கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு எந்தக் கல்லூரியும் தரவில்லை.

ஒருநாள் நான் உச்சத்தில் இருந்தபோது பவளக்கா அச்சார் ஜாடியோடு கடைக்குள் வந்தார்.

“அட, சாரா பேசுறது? இந்த சாருக்கு நான்தான் லா மொத மொத தண்ணி ஊத்தினேன். கால்ல போட்டா ஃபெரி சங்கு மாதிரி கத்துவாரு. அப்பவே நல்ல தொண்ட.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே கிடந்தது. இவ்வளவு சின்ன விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சில நாள் கழித்து ஒரு மழைச் சாயங்காலம். லாரி ஓட்டும் மாணிக்கம் அண்ணன் கடையில் இருந்தார். அவருக்கு முதல் பிள்ளை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிள்ளை பிறந்தால் மலாய்க்கார வீடுகளில் ஜன்னலில் தாழை முள் கட்டுகிறார்களே, எதற்கு என்று கேட்டார். பெனாங்கலான் என்ற பேயைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெயரே கழன்று போவது என்ற சொல்லிலிருந்து வந்தது, தொங்கும் குடல் முள்ளில் மாட்டிக்கொள்ளும் என்று பயந்து வராது, பகலில் பார்த்தால் அடையாளம் தெரியாது, பெரும்பாலும் பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்ணாகவே இருக்கும், ஒரே அடையாளம் காடி வாசனை. எல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான். ஒன்றும் கூட்டவில்லை.

“நம்மள்ல அதுக்கு என்னா பேரு சார்?” என்றார் மாணிக்கம்.

“காட்டேரி. ரெண்டும் ஒண்ணுதான்.”

நான் கூட்டிய சொல் அது ஒன்றுதான். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். பதில் தெரியாமல் நிற்பதைவிடத் தவறான பதில் மேல் என்று நினைக்கும் வயது.

பின்பெஞ்சில் யாரோ மெதுவாக, “சுக்கா வாசன…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்போது நான் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும். கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன்:

“நான் யார் பேரும் சொல்லலியே.”

அடுத்த வாரத்தில் தமிழ் வீட்டு ஜன்னல்களிலும் தாழை முள் தொங்கியது. பவளக்கா நடந்து போனால் பெண்கள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினார்கள். குளிர்காற்று படக்கூடாது என்று மூடுகிறார்கள் என அவர் நினைத்து, “ஆமா, மழக்காத்து” என்று சொல்லிக்கொண்டு போனார். உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும், எனக்கே பயம் வந்துவிட்டது. பகலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவர் கழுத்தைச் சுற்றிக் கோடு ஏதாவது தெரிகிறதா என்று ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். காற்றில் காடி வாசனை வந்தால் கதவைத் தாழிட்டேன். என் வாயிலிருந்து வந்த கதைதான் என்று அறிவுக்குத் தெரியும். முதுகுத்தண்டுக்குத் தெரியவில்லை.

மாணிக்கம் வீட்டுப் பிள்ளைக்கு முப்பதாம் நாள். காலையிலிருந்தே பிள்ளைக்குக் காய்ச்சல், பால் குடிக்கவில்லை, மூச்சு விசில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இது தெரியாமல் பவளக்கா குளித்து, மஞ்சள் புடவை உடுத்தி, தட்டோடு வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நாளாகத் தன்னைக் குளிப்பாட்டக் கூப்பிடவில்லை என்ற வருத்தம் இருந்திருக்கும். ஆனாலும் படையல் விட்டுப்போகக் கூடாதே.

“காட்டேரி அம்மா, வா. வந்து வாங்கிக்க. உள்ள பிள்ள இருக்கு, வந்து பாத்துக்க.”

நான் எதிர் வாசலில் நின்றேன். அந்த வார்த்தைகளைப் பிறந்ததிலிருந்து கேட்டவன். அன்றைக்கு அவை வேறு வார்த்தைகளாக இருந்தன. சந்து முழுக்க அப்படித்தான் கேட்டது. உள்ளேயிருந்து பிள்ளையின் அம்மா அலறினாள். மாணிக்கம் வந்து தட்டைத் தட்டிவிட்டார். முட்டை உருண்டு சாக்கடையில் விழுந்தது. ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரும் அவரைத் தொடவில்லை, தொடப் பயம். ஒரு சுற்று இடம் விட்டு நின்று, நீதானே, சொல்லு, நீதானே என்றார்கள். எதைக் கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

“தம்பி, நீ படிச்சவன்தானே. சொல்லு இவங்ககிட்ட.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அவர் அறையில் புகுந்து ஜாடிகளை உடைத்தார்கள். காடி வாசற்படி தாண்டி ஓடி எல்லார் வீட்டு முன்னாலும் போயிற்று. எத்தனை தண்ணீர் ஊற்றியும் வாசனை போகவில்லை. அந்த வாரமே அக்கா ஒரு துணிமூட்டையோடு ஃபெரி ஏறினார். பிள்ளைக்கு நெஞ்சுச்சளி, வேறொன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேறி வீட்டுக்கு வந்தது. அவள் போனாள், பிள்ளை பிழைத்தது, பார்த்தீர்களா என்றார்கள். அதற்குப் பிறகு யார் என்ன சொல்லியும் பயனில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வசதியான முடிவு.

பல வருஷம் போயிற்று. நான் தலைமையாசிரியர் ஆனேன், பேரனும் பிறந்தான். அவனைக் குளிப்பாட்ட ஆள் தேடியபோது என்னால் அதற்கு மேல் முடியவில்லை. விசாரித்து விசாரித்து, கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் தங்கை மகள் வீட்டில் இருப்பதாகக் கண்டுபிடித்துப் போனேன். ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். இதற்கு என்ன வாங்கிக்கொண்டு போவது, சொல்லுங்கள்?

மதிய வெயில் தகரக் கூரையில் கொதித்தது. அக்கா கழுத்தில் ஒரு துண்டை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். என்னைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டு, “ஃபெரி சங்கு” என்றார். நான் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கதையைப் பரப்பியவன் நான், எல்லாம் பொய், மன்னியுங்கள் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார்.

“பொய்யின்னு ஒனக்கு எப்படி தம்பி தெரியும்? தூங்குறப்ப நீ எங்க இருக்கன்னு ஒனக்குத் தெரியுமா?”

நான் ஆப்பிள் பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“அத்தன பேர் சொன்னாங்களே. எனக்கே தெரியாம போறேனோ என்னவோ. அதான் கட்டிக்கிட்டுப் படுக்கிறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “யாரையும் பக்கத்துல ஒக்காந்து பாக்கச் சொல்ல முடியாது. பயப்படுவாங்க. நீ பாரு. கண்ண எடுக்காம பாத்துச் சொல்லு.”

துண்டை அவிழ்த்துவிட்டுப் பாயில் படுத்தார். வயதானவர்களுக்கே உரிய சடுதியில் தூங்கிவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கழுத்தைப் பார்த்தேன். துண்டு அழுத்திய இடத்தில் சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. வாய் திறந்துகொண்டது. மூச்சு இழுக்கும்போது தலை பின்னால் சாய்ந்தது, கழுத்து நீண்டது, நரம்பு புடைத்தது, இன்னும் நீண்டது. பட்டப்பகல், அடுத்த வீட்டில் ரேடியோ பாடுகிறது. பெரிய பள்ளிக்கூடத்தை ஆள்கிற மனிதன் நான். எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் அசையும் சத்தம் கேட்கும்வரை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கேட்டதும் ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“போனேனா?”

“இல்லக்கா. இங்கதான் இருந்தீங்க.”

“கண்ண எடுக்காம பாத்தியா?”

“பாத்தேன்.”

துண்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். சாகும்வரை அதைத் திரும்பக் கட்டவில்லை என்று பிறகு தங்கை மகள் சொன்னாள். என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது அந்த ஒரு பொய்தான்.

இதையெல்லாம் போன மாதம் அந்தக் குடைக்காரப் பெண்ணிடம் சொன்னேன். கூட்டம் கலைந்ததும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, காடிக்காரி என்று யாரும் இல்லை, பெயரும் கழுத்தும் உள்ள ஒரு மனுஷி இருந்தார் என்றேன். நல்ல பெண். கண் கலங்கிவிட்டாள். “ஐயோ அங்கிள், எனக்குத் தெரியாது லா. அவங்க பேரு என்னா?” என்றாள். பெயர் தெரிந்தவர் பேயாக முடியாது என்று நினைத்துச் சொன்னேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்துக் கேட்கப் போனேன். இப்போது கூட்டம் இருபது பேர். கதை அப்படியே இருந்தது. கடைசியில் மட்டும் புதிதாக ஒன்று: அவள் தூங்கும்போது பக்கத்தில் இருந்த ஒரு படித்த பெரியவர் இன்றும் உயிரோடு இருக்கிறார், கழுத்தில் இருந்த கோட்டை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். பிறகு அவள் பெயரைச் சொல்லி, எல்லாரையும் மெதுவாக ஒரு தடவை கூப்பிடச் சொன்னாள். வெவ்வேறு நாட்டு நாக்குகளில் அந்தப் பெயர் சந்துக்குள் போயிற்று. என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, “பேரு சேத்துட்டேன் அங்கிள்” என்றாள். அவள் முகத்தில் கபடமே இல்லை.

அக்காவின் அறையில் இப்போது காப்பிக் கடை. மாமாக் கடை தங்கும் விடுதியாகிவிட்டது. சந்தில் பிள்ளை பிறந்து எத்தனையோ காலமாயிற்று. படையல் தட்டும் இல்லை, தாழை முள்ளும் இல்லை. காடி வாசனை அந்தச் சின்னப் புட்டிக்குள் மட்டும் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று மறைத்துவிட்டேன். பவளம் என்பது அவர் பெயர் இல்லை. உண்மைப் பெயரை ஒரு தடவை கொடுத்தாயிற்று, இனி யாருக்கும் கொடுக்கமாட்டேன்.